கிளிநொச்சிப் பக்கம் யாரிடமாவது பஸர் செட் இருக்கிறதா?

வணக்கம் உறவுகளே. என் தங்கச்சி கொழும்பில் நடக்கும் தொலைக்காட்சி வினாடி வினா ஒன்றுக்குத் தெரிவாகியிருக்கிறாள். அடுத்த மாதம் ஒளிப்பதிவு. வன்னி மன்னன் பண்டாரவன்னியன், இரணைமடுக் குளம், கிளிநொச்சி 1984இல் தனி மாவட்டமானது என்று எங்கட பக்கத்துக் கேள்வி எதற்கும் விடை சொல்லுவாள். ஆனால் கேள்வி முடியும்வரை காத்திருப்பாள். முதலில் பொத்தானை அழுத்துபவருக்கே விடை சொல்ல வாய்ப்புக் கிடைக்கும் பஸர் சுற்றில் அது சரிவராது. பாதிக் கேள்வியிலேயே ஊகித்து அழுத்த வேணும். இப்போது குசினி மேசையில் சில்வர் மூடியைக் கரண்டியால் தட்டித்தான் பழகுகிறோம். இரண்டு பேர் ஒன்றாகத் தட்டினால் யார் முந்தியது என்றே தெரிவதில்லை. முதலில் அழுத்தியவரின் விளக்கு மட்டும் எரியும் செட் எந்தச் சனசமூக நிலையத்திலாவது இருந்தால் இரண்டு கிழமைக்கு இரவல் தாருங்கள். பரந்தன், முறிகண்டி, எங்கென்றாலும் வந்து எடுப்பேன். விளையாட்டுக் கேள்வித் தொகுப்பு இருந்தாலும் சொல்லுங்கள், அவள் தடுமாறுவது அதில்தான்.