"ஒரிஜினலா சார்?" – நகல் எம்ஜியோடு ரோட்டில் கிடைத்த மனிதர்கள்

என் நகல் எம்ஜி காரை எங்கே நிறுத்தினாலும் முதல் கேள்வி இதுதான். காவேரிப்பட்டணம் டீக்கடையில், மாங்காய் மண்டி வாசலில், போன மாசம் கல்யாண மண்டபத்துக்கு வெளியே மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையே வந்து கேட்டார். "இல்லைங்க, நகல்" என்றதும் சிலருக்கு முகம் சுருங்கிவிடும். முதல் வருஷம் அது எனக்கு வலித்தது, இரண்டு பேரிடம் பொய்கூடச் சொல்லியிருக்கிறேன். இப்போது நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறமும் நகராமல் நிற்கிறவர்கள்தான் வண்டியை உண்மையிலேயே பார்க்கிறவர்கள்.

வண்டி எம்ஜி டிடி மாதிரி. அசல், 1949 கடைசியிலிருந்து 1953 வரை இங்கிலாந்தில் அபிங்டன் தொழிற்சாலையில் செய்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், 1250 சிசி. நீளமான பானட், துருத்திக்கொண்டு நிற்கும் ஹெட்லைட், முதுகில் ஸ்டெப்னி, கீல் பின்பக்கம் இருக்கிற கதவு. என்னுடையது மாருதி ஜிப்சி ஜீப்பின் சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல் ஃபைபர் பாடி, 1298 சிசி எஞ்சின், முந்தைய ஓனர் கட்டவைத்தது. ஆறு வருஷமாகக் கிருஷ்ணகிரியில் என் வீட்டுக் கொட்டகையில் இருக்கிறது. ஏன் ஜிப்சி என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை, ஒருநாள் டேப் வைத்து அளந்து பார்த்தேன். அசலில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 94 அங்குலம், அதாவது 2388 மில்லிமீட்டர். ஜிப்சிக்கு 2375. அரை அங்குலம்தான் வித்தியாசம்! கட்டினவர் யாரோ எனக்குத் தெரியாது, ஆனால் விஷயம் தெரிந்தவர்.

பங்கில் பெட்ரோல் போடுகிற தம்பி ஒருநாள் மூக்கில் இருக்கும் எண்கோண முத்திரையைப் பார்த்துவிட்டு, "அண்ணா, ஹெக்டர் காரு விடுற கம்பெனி இதையும் விடுதா?" என்று கேட்டான். பெயர் அதேதான்டா, அப்போது இங்கிலாந்துக்காரர்களிடம் இருந்தது, இப்போது சீனக் கம்பெனி கையில் இருக்கிறது என்று சொன்னேன். டேங்க் நிறையும் வரை கேட்டுக்கொண்டிருந்தான். அதிலிருந்து நான் போனால் அவனே ஓடி வந்து மூடியைத் திறப்பான்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது பழையபேட்டையில் பார்த்த பெரியவருக்காக. எண்பது வயசு இருக்கும், வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். ஒரிஜினலா என்று அவர் கேட்கவேயில்லை. பின் மட்கார்டில் கையை ஊன்றி இரண்டு தடவை அமுக்கினார், வண்டி அசைந்தே கொடுக்கவில்லை. அப்புறம் முட்டி போட்டு அடியில் பார்த்துவிட்டு, "ஜிப்சி" என்றார். சின்ன வயசில் பெங்களூரில் ஒரு ஷெட்டில் ஃபிட்டராக இருந்தாராம், அங்கே டிடி ஒன்று வேலைக்கு வருமாம். "அதுக்கு முன்பக்கம் காயில் ஸ்பிரிங்ப்பா, பல்லுக் கம்பியில திரும்புற ராக் ஸ்டியரிங். இதுல நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங். பத்து மூட்டை ஏத்துற பட்டையைப் போட்டுக்கிட்டு ரெண்டு பேர் போனா எப்படி இருக்கும்? இடுப்பு போயிடும்."

இடுப்பு ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருந்தது! ராயக்கோட்டை ரோட்டில் ஒவ்வொரு பள்ளமும் எனக்கு மனப்பாடம். 1950-இல் வந்த வண்டி, அதற்கு எத்தனையோ வருஷம் பின்னால் வந்த சேஸிஸ் மேல் உட்கார்ந்திருக்கும் என்னுடையதைவிட மெத்தென்று போயிருக்கும் என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். லாரிக்குப் பட்டை ஸ்பிரிங் கட்டு அடிக்கிற பட்டறையில் கொடுத்து இரண்டு பக்கமும் சமமாகப் பட்டையைக் குறைத்து, புஷ் எல்லாம் புதுசு போட்டு, ஷாக் அப்சார்பரையும் மாற்றினேன். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினதும் பட்டையை அச்சோடு பிடிக்கிற யு போல்ட்டை மறுபடி முடுக்கச் சொன்னார்கள், முடுக்கினேன், கால் சுற்று வந்தது. யாராவது இந்த வேலை செய்தால் அதை மறக்காதீர்கள். வண்டி ஒரு விரல்கடை தாழ்ந்தது, பார்க்கவும் அசல் மாதிரி ஆகிவிட்டது. பெரியவரை ஏற்றிக்கொண்டு கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணை வரை போய் வந்தேன். வழியெல்லாம் பேசவேயில்லை, இறங்கும்போது மட்கார்டை மறுபடி அமுக்கிப் பார்த்தார்.

அடுத்தது கதவு. குருபரப்பள்ளி தாண்டி எழுபதில் போகும்போது இடது கதவு லாக் விட்டுவிட்டது. கீல் பின்பக்கம் இருப்பதால் காற்று கதவை மூடாது, பிடுங்கித் திறக்கும். சீட்டில் வீட்டம்மா. அதற்கு முந்தின மாசம்தான் சீட் பெல்ட் போட்டிருந்தேன், அதனால் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்றைக்கு என் கை நடுங்கினது வீடு வரும் வரை நிற்கவில்லை. பார்த்தால் கீல் போல்ட் வெறும் ஃபைபரில் நின்றிருக்கிறது, அது கிழிந்து ஓட்டை நீள்வட்டமாகிவிட்டது. ஓசூரில் மெஷின் வேலை செய்கிற நண்பர் உள்ளே இரும்புத் தகடு கொடுத்துப் போல்ட் பண்ணினார், இரண்டு கட்டமாகப் பிடிக்கிற லாக் ஒன்று பழைய மாருதி 800-இலிருந்து எடுத்துப் போட்டோம். ஃபைபர் பாடி வண்டி வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கே கதவைத் திறந்து கீலுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று பாருங்கள்.

சின்னச் சின்ன வேலைகள் நிறைய. ஹெட்லைட்டுக்கு ரிலே (பேட்டரியிலிருந்து நேராகக் கரன்ட் கொடுக்கிற சுவிட்ச்) போட்டதும் வெளிச்சம் இரண்டு மடங்கு போலத் தெரிகிறது. ரேடியேட்டருக்கு மின்விசிறி வைத்தபிறகு சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் சூடு காட்டும் முள் நடுவிலேயே நிற்கிறது. இறங்கும்போது நான் மூன்றாவது கியரைவிட்டு மேலே போவதில்லை. இப்போது வருகிற இருபது சதவீத எத்தனால் பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் குழாய் தாங்காது, எனக்கு உள்பக்கம் பிசுபிசுத்து கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற சின்னத் துளையை (ஜெட்) அடைத்துவிட்டது. குழாய் எல்லாம் மாற்றியாகிவிட்டது.

சோதனையில் நிறுத்துவார்கள். நம் ஆர்.சி.யில் பாடி மாற்றம் முந்தைய ஓனர் காலத்திலேயே ஏறியிருக்கிறது, எஞ்சின் நம்பர் சேஸிஸ் நம்பர் ஒத்துப்போகும், காட்டினால் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். புதுசாகக் கட்டலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் கவனிக்கவும்: தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்காமல் வெல்டிங்கைத் தொடாதீர்கள்.

கடைசியாக, அசலையே பார்த்த கதை. அணைப் பூங்கா வாசலில் பெங்களூர் நம்பரோடு நிஜ டிடி ஒன்று நின்றது. என் வண்டியைப் பக்கத்தில் நிறுத்தவே கூச்சமாக இருந்தது. அதன் ஓனர்தான் கையசைத்துக் கூப்பிட்டார். சாவியை மாற்றிக்கொண்டு ஆளுக்கு ஐந்து கிலோமீட்டர் ஓட்டினோம். நாலு சக்கரமும் டிரம் பிரேக், தூரத்திலேயே மிதிக்கணும். ஆனால் ஸ்டியரிங், அடேயப்பா, விரல் அசைந்தால் மூக்கு திரும்புகிறது. என் வண்டியில் அதை எந்தப் பட்டறையும் கொண்டுவர முடியாது. அவர் பானட்டைத் திறந்து ரிலே, விசிறி, தகடு எல்லாம் பார்த்துவிட்டு, "நான் என்னுடையதில் ஒரு ஓட்டைகூடப் போட்டதில்லை, போடவும் மனசு வராது. மே மாசம் எடுக்கவே மாட்டேன்" என்றார். நான் மே மாசம் மாம்பழக் கூடையைப் பின்னால் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுகிறேன்.

உங்களுக்கு ரோட்டில் கிடைத்த ஆட்களைப் பற்றி எழுதுங்கள்.

*

தருமபுரியிலிருந்து:

உங்கள் வண்டியைக் காரிமங்கலத்தில் பார்த்திருக்கிறேன் அண்ணா, கூடை ஞாபகம் இருக்கிறது! என்னிடம் இருப்பதும் நகல்தான், எங்கள் அப்பா பிரீமியர் பத்மினி எஞ்சின் வைத்துக் கட்டினது. போன ஐப்பசியில் ஒகேனக்கல் போகும்போது பென்னாகரத்தில் மழை பிடித்துக்கொண்டது, மேல் துணி ஒழுகி மடியெல்லாம் தண்ணீர். கடை ஓரம் ஒதுங்கினால் பூ விற்கிற அம்மா தன் தார்ப்பாயில் பாதியை எடுத்து சீட் மேல் போட்டுவிட்டு, "இவ்வளவு அழகா இருக்கு, நனைய விடலாமா?" என்றார். மழை விட அரைமணி ஆனது, அவர் பூவுக்கு மிச்சப் பாதிதான். போன வாரம் புதுத் தார்ப்பாய் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். துணி ஒழுகாமல் இருக்க நீங்கள் என்ன செய்தீர்கள்?

*

தம்பி, துணியைக் குறை சொல்லாதே, தையல் ஓட்டையில்தான் இறங்கும். தையல் மேல் உள்பக்கமாக மெழுகை அழுத்தித் தேய்த்து வெயிலில் ஒருநாள் வை. அப்புறம் கண்ணாடிச் சட்டத்தில் துணி உட்காருகிற இடத்துக்கு சைக்கிள் டியூபைக் கீறி ஒட்டு, எனக்கு இரண்டு மழைக்காலம் தாங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காரிமங்கலம் வருகிறேன், அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா, அந்த எஞ்சினை எப்படி உட்கார வைத்தார் என்று கேட்கணும்.