படுவான்கரை காணிக் கோவைகளுக்கு ஆள் உதவி தேவை

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் வயலும் வீட்டு வளவும் பெர்மிட்டில் (அரச காணி அனுமதிப்பத்திரத்தில்) வைத்திருக்கிற குடும்பங்களுக்குக் காணி ஆவணக் கோவை (ஃபைல்) தயாரிக்கிறோம். சிங்களம் வாசித்து எழுதக்கூடிய இரண்டு பேரும் ஒரு ஸ்கேனரும் அவசரமாகத் தேவை.

கூடுதலாகச் சிக்குவது பின்னுரித்தில்தான், அதாவது பெர்மிட்காரருக்குப் பிறகு காணி யாருக்கு என்பதில்தான். பெர்மிட்காரர் யாரையும் பதியாமலே இறந்திருப்பார். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் முன்பு ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை கொடுத்தது. 2022 திருத்தம் அதை நீக்கிவிட்டது. இது தெரியாமல் அக்காமார் தம்பிக்குக் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். வீடு வீடாகப் போய் இதைச் சொல்லப் பெண்கள் யாராவது வந்தால் பெரிய உதவி.

மூலப் பத்திரம் தொலைந்தவர்களுக்காகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பிரதேச செயலகத்திடம் கேட்கிறோம். “எங்கட காணி விபரம் தாங்க” என்று எழுதினால் வழவழா பதில்தான் வரும். பெர்மிட் இலக்கம், வட்டையின் (வயல்வெளியின்) பெயர், வழங்கிய ஆண்டு எழுதி, காணி லெட்ஜரில் அந்தப் பக்கத்தின் பிரதியைக் கேட்க வேண்டும். ஆளுக்கொரு விண்ணப்பம். திகதியிட்ட பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். 14 வேலை நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும், அந்தக் கணக்குக்கு அதுதான் சாட்சி.

பெயரில் ஓரெழுத்து மாறியிருந்தால் சத்தியக் கடதாசி தேவைப்படும். கட்டணம் வாங்காமல் செய்துதரக்கூடிய சமாதான நீதவான் யாரையும் தெரியுமா?

பழைய பெர்மிட்டைத் தயவுசெய்து லேமினேட் பண்ணாதீர்கள், பிறகு அதில் எதுவும் பதிய முடியாது. ஏக்கர் வரித் துண்டு (வயலுக்கு வரி கட்டிய பற்றுச்சீட்டு) எத்தனை பழசானாலும் கொண்டுவாருங்கள்.