அம்மாவின் முழங்கால் வீக்கம்: யாங்கூன் அன்பர்களிடம் ஓர் உதவி

அனைவருக்கும் வணக்கம். எழுபதை நெருங்கும் என் தாயார், மழையில் பாசி பிடித்திருந்த வாசற்படியில் வழுக்கி, இடது முழங்கால் தரையில் மோத விழுந்துவிட்டார். சில மணி நேரத்திற்குள் முட்டிச் சில்லின் மேற்புறம் உப்பி, தொட்டால் சுடும் அளவுக்கு வீங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்றார்கள்; ஆயினும் ஜவ்வுக் கிழிசல் எக்ஸ்ரேயில் தெரியாது என்பதாலும், இவ்வளவு விரைவாக வீங்கினால் மூட்டுக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம் என்பதாலும் எனக்கு மனம் சமாதானமாகவில்லை. நடக்கும்போது முட்டி திடீரென மடங்குவதாகவும் சொல்கிறார்.

துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 20 நிமிடம் வைத்து, காலைத் தலையணையின்மேல் உயர்த்தி வைக்கிறோம். தைலம் போட்டு உருவிவிடலாம் என்று பக்கத்து வீட்டு அத்தை அன்போடு வற்புறுத்துகிறார். வீக்கம் வடியும் முன் அழுத்தி உருவக் கூடாது என்று நான்தான் தடுத்து வருகிறேன்.

எங்கள் வீடு நான்காம் மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இருக்கிறது. ஆகவே, தாம்வே பக்கத்தில் நிதானமாகப் பரிசோதிக்கும் மூட்டு மருத்துவரையும், வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்டையும் அறிந்தவர்கள், எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு ஆகும் செலவையும் சேர்த்துத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். படியிறக்க நாற்காலியில் தூக்கிச் செல்ல ஆள் கிடைக்குமா என்பதையும் சொல்லுங்கள்.