பழுப்பு நிற சூட்டை எதற்கெல்லாம், எப்படி உடுத்தினீர்கள்?

கருநீலம், சாம்பல் இரண்டையும் வாங்கி முடித்த பிறகுதான் பலர் பழுப்பு நிற சூட்டைப் பற்றி யோசிக்கிறார்கள். இரண்டாவதாகவே அதை வாங்கலாம் என்பது என் கருத்து. என்னிடம் இருப்பது அடர் பழுப்பு, கம்பளித் துணி, கோடோ கட்டமோ இல்லாதது. அலுவலகம், திருமணம், வெளியூர்ப் பயணம் எல்லாவற்றுக்கும் அதையே உடுத்துகிறேன். சட்டை, டை, ஷூ மூன்றையும் மாற்றினால் போதும், பார்ப்பவர்களுக்கு அது வேறு சூட்டாகவே தெரிகிறது.

அலுவலகத்துக்கு இளநீலச் சட்டை, கருநீல டை, சூட்டைவிட ஒரு படி அடர்ந்த பழுப்பு ஷூ, அதே நிறத்தில் பெல்ட். பழுப்பு என்பது ஒளி குறைந்த ஆரஞ்சுதான். நிறச் சக்கரத்தில் ஆரஞ்சுக்கு எதிரே இருப்பது நீலம். இரண்டும் பக்கத்தில் வரும்போது பழுப்பு மங்கிப்போகாமல் எடுப்பாக நிற்கிறது. ஒருமுறை வெளிநிறுவனத்துடன் நடந்த கூட்டத்துக்கு இப்படிப் போயிருந்தேன். எதிர்த்தரப்பின் மூத்த அதிகாரி, எப்போதும் கருநீலத்திலேயே வருபவர், இடைவேளையில் அருகில் வந்து என் டையின் நுனியை விரலால் பிடித்துப் பார்த்தார். பின்னலாடை போலப் பின்னிய டை அது. நுனி கூராக இல்லாமல் சதுரமாக முடியும், பளபளப்பும் இருக்காது. “பழுப்பு அலுவலகத்துக்கு ஆகாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். உங்களைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லையே” என்றார்.

அவருக்குச் சொல்லிக் கொடுத்தது இங்கிலாந்தின் பழைய வழக்கம். நகரத்து அலுவலுக்குக் கருநீலமும் சாம்பலும், நாட்டுப்புறத்துக்கும் வேட்டைக்கும் பழுப்பு ட்வீட் (சொரசொரப்பான தடித்த கம்பளித் துணி) என்று மேல்தட்டினர் பிரித்து வைத்திருந்தார்கள். அதன் மிச்சம் இன்னும் போகவில்லை. முதலீட்டு வங்கிகளில் ஆள் எடுக்கும் முறையைப் பற்றி பிரிட்டனின் சமூக முன்னேற்ற ஆணையம் 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சூட்டுடன் பழுப்பு ஷூ போட்டு வருவதையே சில மூத்த அதிகாரிகள் குறையாகப் பார்க்கிறார்கள் என்று அதில் இருந்தது. எழுதப்படாத இந்த விதியை வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைகள்தான் இதில் அடிபடுகிறார்கள். படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. ஆனாலும் வங்கி, சட்டத் துறை நேர்முகத் தேர்வுக்குப் போகும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் நாள் கருநீலத்தில் போங்கள். வேலை கைக்கு வந்த பிறகு பழுப்பை உடுத்தலாம்.

மற்றவர்களும் தங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

பதில் 1

நான் தையல் தொழிலில் இருப்பவன். எந்த நிறத்தைவிடவும் பழுப்பில்தான் வெளிச்சம் அதிகம் விளையாடும். வெயிலில் சிவப்புச் சாயலோடு தெரிவது குழல்விளக்கின் கீழ் பச்சை கலந்தது போலத் தெரியும். ஒளியின் நிறத்தை கெல்வினில் அளப்பார்கள், எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் வெள்ளை. மஞ்சள் விளக்கின் ஒளி சுமார் 2700 கெல்வின், நண்பகல் வெளிச்சம் சுமார் 5500. இரண்டுக்கும் நடுவே ஒரே துணி இரண்டு துணியாகிவிடும்.

மாலை வரவேற்புக்கு சூட் தைக்க வந்த ஒருவர், துணிக் கட்டிலிருந்து ஒரு நடுத்தரப் பழுப்பை எடுத்து இதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். துணியை வாசலுக்கு எடுத்துப் போய்க் காட்டினேன், பிறகு உள்ளே மஞ்சள் விளக்கின் கீழும் காட்டினேன். வெளியே நன்றாக இருந்தது உள்ளே சேறு படிந்தது போலத் தெரிந்தது. நிகழ்ச்சி எந்த விளக்கின் கீழ் நடக்கப் போகிறது என்று கேட்டு, அதற்கேற்றபடி அடர்ந்த, சிவப்பு கலந்த பழுப்பைத் தேர்ந்தெடுத்தோம். முழு மனதோடு வாங்கிப் போனார்.

துணியின் முகப்பும் முக்கியம். வழவழப்பாகப் பளபளக்கும் நடுத்தரப் பழுப்பு, எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் சீருடை போலத் தெரிந்துவிடும். பழுப்புக்குச் சற்று மயிர்ப்பான முகப்பு வேண்டும்: ஃபிளானல் (மென்மயிர் எழுப்பிய கம்பளி), ட்வீட், கார்டுராய் (வரிவரியாக மேடு கொண்ட துணி), கோடை என்றால் லினன். ஆண்டு முழுவதும் உடுத்த, ஒரு மீட்டர் நீளத் துணிக்கு 250 முதல் 280 கிராம் எடையுள்ள கம்பளி போதும். குளிருக்கான ஃபிளானல் 340 கிராமுக்கு மேலேயும் போகும்.

இன்னொன்று, நம்மைப் போன்ற மாநிறத்தவர்களுக்கு. சூட்டின் பழுப்பு முகத்தின் நிறத்துக்கு மிக அருகில் இருந்தால் ஆளே துணிக்குள் கரைந்துவிடுவார். முகத்தைவிடத் தெளிவாக அடர்ந்தோ வெளுத்தோ ஒரு நிறத்தை எடுங்கள். இடையில் வெளிர் சட்டை வரட்டும். கழுத்தருகே தெரியும் அந்தச் சட்டைதான் முகத்தைத் தனியாக எடுத்துக் காட்டுகிறது.

பதில் 2

பகல் நேரத் திருமணம், திறந்தவெளி. மணமகன் என் நண்பன். வெளிர் பழுப்பு லினன் சூட், வெள்ளைச் சட்டை, டை இல்லை, சூயேட் (பளபளப்பில்லாத மென்தோல்) ஷூ. லினன் கசங்கத்தான் செய்யும், கசங்கினால்தான் அது லினன். புகைப்படங்களில் கறுப்பு உடுத்தியவர்கள் எல்லோரும் நிழலாக நிற்க, நான் மட்டும் வெயிலுக்கு உரியவனாகத் தெரிகிறேன்.

இந்த வெளிர் பழுப்பைப் பற்றிச் சொல்லும்போது ஒபாமாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2014 ஆகஸ்ட் 28 அன்று வெள்ளை மாளிகைச் செய்தியாளர் சந்திப்புக்கு அவர் அந்த நிறத்தில் வந்தார். பேசியது சிரியா விவகாரம், பேசப்பட்டது சூட். அவருக்கு முன்பே அதிபர் ரீகன் அதே மாளிகையில் பழுப்பு சூட்டுகள் உடுத்தியவர்தான். ஒபாமா செய்தது தவறு என்று நான் நினைக்கவில்லை, சூட் அவருக்குப் பொருத்தமாகவே இருந்தது. இருந்தாலும் கேட்பவர்கள் நம் பேச்சை மட்டும் கவனிக்க வேண்டிய நாளில் அடர் பழுப்பே நல்லது.

மாலை விருந்துகளுக்கு என் வழி வேறு. அடர் பழுப்பு சூட், தந்த நிறச் சட்டை, ஒயின் நிறப் பட்டு டை, அதே சாயலில் கருஞ்சிவப்பு ஷூ. முதலில் எழுதிய அண்ணன் சொன்ன பின்னல் டையை இங்கே நான் ஏற்கமாட்டேன்; இரவில் பட்டின் மினுக்கம் வேண்டும். தூய வெள்ளைச் சட்டை இரவில் பழுப்பைக் கொஞ்சம் வெளிறச் செய்கிறது, தந்த நிறம் அதைச் சூடாக வைத்திருக்கிறது. அழைப்பிதழில் கறுப்பு போ டை (வண்ணத்துப்பூச்சி வடிவ டை) என்று குறிப்பிட்டிருந்தால் பழுப்பை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். இரங்கல் நிகழ்ச்சிக்கும் அப்படியே.

முதல் பதிவர்

தம்பி, மாலைக்குப் பட்டு டை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். தந்த நிறச் சட்டை என்னிடம் இல்லை, வாங்கிவிடுகிறேன்.

பயணத்தைப் பற்றி முன்பே எழுதியிருக்க வேண்டும். சூட்டின் கோட்டை மட்டும் சாம்பல் நிற ஃபிளானல் பேன்ட்டோடும், பேன்ட்டை மட்டும் கருநீல பிளேசரோடும் உடுத்தலாம் என்பதால் பெட்டியில் இடம் மிச்சம். மென்துணிப் பழுப்பில்தான் இப்படிப் பிரிப்பது எளிது. மெல்லிய கோடுகள் போட்ட சூட்டின் கோட்டைத் தனியாகப் போட்டால் பேன்ட்டை எங்கோ தொலைத்துவிட்டவர் போலத் தெரியும். பிரித்து உடுத்துபவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: பேன்ட் மட்டும் அழுக்காகியிருந்தாலும் சலவைக்குக் கோட்டையும் சேர்த்தே கொடுங்கள். ஒன்று மட்டும் அடிக்கடி சலவையானால் அதன் நிறம் மெல்ல விலகிவிடும், பிறகு இரண்டையும் சூட்டாகச் சேர்த்து உடுத்த முடியாது.