அளவோடு வேட்டையாடும் கொன்றுண்ணி ஏன் அழிகிறது?

கேள்வி:
லோட்கா 1925இலும் வோல்ட்டெரா 1926இலும் தனித்தனியே வெளியிட்ட, இரையும் அதைக் கொன்று உண்ணும் விலங்கும் (கொன்றுண்ணி) எண்ணிக்கையில் ஏறி இறங்குவதை விவரிக்கும் சமன்பாடுகளைக் கொண்டு ஒரு கணினி மாதிரி அமைத்திருக்கிறேன். இரையின் பெருக்க வீதம் 1, கொன்றுண்ணியின் இறப்பு வீதம் 0.5, உண்ட இரை குட்டியாக மாறும் விகிதம் 0.1. பிடிக்கும் வீதம் 0.1 எனில் சமநிலையில் 50 இரைகளும் 10 கொன்றுண்ணிகளும் இருக்கின்றன, அதை 0.05 ஆகக் குறைத்தால் 100 இரைகளும் 20 கொன்றுண்ணிகளும் கிடைக்கின்றன. விட்டுக்கொடுக்கும் இனமே இரு மடங்கு வாழ்கிறது என்று மகிழ்ந்து இரு வகைகளையும் ஒன்றாக ஓட்டினால், அளவோடு உண்ணும் வகை ஒவ்வொரு முறையும் அழிந்துபோகிறது. நிரலில் பிழை இருக்குமா?

மறுமொழி 1:
நிரல் சரியாகவே இருக்கிறது. அளவோடு உண்ணும் வகை நிலைத்திருக்கச் சராசரியாக 100 இரைகள் வேண்டும். மற்றதற்கு 50 போதும். எண்ணிக்கை ஏறி இறங்கினாலும் பேராசை வகை இரையின் சராசரியை 50க்கு இழுத்துவிடும். அந்த நிலையில் அளவோடு உண்ணும் வகையின் பிறப்பு வீதம் 0.1 × 0.05 × 50, அதாவது 0.25, இறப்பு வீதமோ 0.5. அது விட்டுவைக்கும் இரை அதன் சந்ததிக்குப் போகாமல் போட்டியாளரின் வயிற்றுக்குப் போகிறது.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. ஆனால் அதற்கு அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது. இந்தச் சமன்பாடுகளில் இடம் என்பதே கிடையாது. எல்லா உயிர்களும் எல்லாவற்றையும் சந்திக்கின்றன. அதே விதிகளைக் கட்டங்களாகப் பிரித்த ஒரு பரப்பில் அமைத்து, குட்டிகள் பிறந்த இடத்துக்கு அருகிலேயே தங்குமாறு செய்தால், பேராசைக் கூட்டம் தன்னைச் சுற்றியுள்ள இரையைத் தீர்த்துவிட்டுத் தானும் பட்டினியால் மடியக்கூடும். விட்டுவைத்த இரையின் பலன், விட்டுவைத்தவற்றின் வழித்தோன்றல்களையே பெரும்பாலும் சேரும். நடமாட்டத்தைக் கூட்டக் கூட்ட இந்தப் பாதுகாப்பு கரைந்து, உங்கள் பழைய முடிவே திரும்பும்.

மறுமொழி 3:
இரையின் பக்கத்தையும் பாருங்கள். தரையணில்களில் எச்சரிக்கை ஒலி எழுப்புவது ஆபத்தானது; அருகில் உறவினர் இருக்கும் பெண் அணில்களே அதை அதிகம் எழுப்புகின்றன என்று உயிரியலாளர் ஷெர்மன் 1977இல் காட்டினார். உறவினர் பெறும் பலனை உறவின் அளவால் பெருக்கினால் வருவது, உதவும் உயிரின் இழப்பை மிஞ்சினால் அப்பண்பு பரவும் என்ற உயிரியலாளர் ஹாமில்டனின் 1964ஆம் ஆண்டு விதிக்கு இது பொருந்துகிறது. வேடிக்கை என்னவென்றால், ஒலியால் பிடிபடும் வீதம் குறைந்தால் உங்கள் மாதிரியில் கொன்றுண்ணியும் பெருகும்!

கேள்வி கேட்டவர்:
நன்றி. குட்டி நகரும் தூரத்தை ஒரே ஒரு கட்டம் என்ற அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி, எந்தத் தூரத்தில் அளவோடு உண்ணும் வகை தோற்கத் தொடங்குகிறது என்று பார்க்கிறேன்.