ஜப்பானியம்: கொப்பியில தெரியுது, காதில விழமாட்டேங்குது

கொட்டாஞ்சேனையான்:

எல்லாருக்கும் வணக்கம். பஞ்சிகாவத்தையில ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில வேலை செய்றேன். ஜப்பானுக்கு கெயார்கிவரா போகணும்னு நினைச்சு, கடை மூடினதும் நுகேகொடைப் பக்கம் ஒரு வகுப்புக்குப் போறேன். ஜப்பான் மொழிப் பரீட்சையில முதல் படி என்5 பாஸ். இப்ப அடுத்த படி என்4.

வகுப்பு முழுக்க சிங்களம். சிங்களம் நல்லாக் கதைப்பேன், கடையில நாள் முழுக்க அதுதானே. ஆனா சேர் இலக்கணம் சொல்லும்போது வர்ற சிங்களச் சொல் எதையும் நான் ஸ்கூல்ல படிக்கல. அதனால கொப்பியில என் வழிக்குத்தான் எழுதுறேன்: இடது பக்கம் ஜப்பான் சொல்லைத் தமிழ் எழுத்தில, வலது பக்கம் தமிழ்க் கருத்து. ஒரு பக்கத்தை மறைச்சிட்டுக் கேட்டா டக்குன்னு சொல்லிடுவேன். ரெகோர்டிங் போட்டா மட்டும் ஒண்ணுமே பிடிபடல. பாடமாக்கின சொல்கூட ஏதோ புதுச் சொல் மாதிரிக் கேக்குது.

தமிழ்ல படிக்கிறதுதான் பிழையா? சிங்களத்துக்கோ இங்கிலீஷுக்கோ மாறணுமா? 138 பஸ்ல போகும்போதும் இயர்போன் போட்டுக் கேக்கிறேன்.

மெரைன்_டிரைவ்:

அனிமே பாருங்க ப்ரோ, சப்டைட்டில் போட்டு. தானா வந்துடும்.

ஏலத்தாள்:

அனிமே பாக்கலாம். ஆனா அதில வாற பேச்சைப் பழகிக்கொண்டு போய், முதியோர் இல்லத்தில ஒரு தாத்தாவை “ஒமாஏ” (“டேய் நீ” மாதிரி) எண்டு கூப்பிட்டா, தம்பியை அடுத்த பிளைட்டில திருப்பி அனுப்பிப்போடுவினம்.

தம்பி, நான் வெள்ளவத்தை. ரீகண்டிஷன் வாகனம் இறக்கிற ஒரு இடத்தில ஏலத்தாள் வாசிக்கிறதுதான் என்ர வேலை. ஜப்பானில காரைப் பாத்தவர் கையால கிறுக்கின தாள் வரும். ஏ1 எண்டா சின்னக் கீறல், யூ எண்டா நெளிவு, எக்ஸ்எக்ஸ் எண்டா அந்தப் பாகத்தையே மாத்தியாச்சு. பக்கத்தில “கான்ஜி” எண்ட சீன எழுத்தில நாலு வரி குறிப்பு. அதைப் பிழையா வாசிச்சா முதலாளிக்கு லட்சக்கணக்கில நட்டம், அதனால படிக்கிற விஷயத்தில நான் கொஞ்சம் கண்டிப்பு.

எந்த மொழியில படிக்கிறது எண்டதை விட்டுப்போட்டு முதல்ல அந்தக் கொப்பியைப் பாப்பம். ஜப்பான் சொல்லைத் தமிழ் எழுத்தில எழுதுறதை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. எங்களிட்ட இருக்கிறது ஒரே ஒரு “க”. சொல்லுக்கு முன்னால வந்தா ஒரு சத்தம், நடுவில வந்தா இன்னொண்டு, மெல்லினத்துக்குப் பின்னால வந்தா வேறொண்டு. யோசிக்காமலே மாத்தி மாத்தி வாசிச்சுப்போடுவம். ஜப்பானியத்தில அந்தச் சத்தம் மாறினா சொல்லே மாறிப்போகும். காலநிலைக்கு ஒரு சொல், மின்சாரத்துக்கு ஒரு சொல். உங்கட கொப்பியில ரெண்டும் “தெங்கி” எண்டுதான் கிடக்கும், இல்லையோ? காலநிலையில வாறது “தமிழ்” எண்டு சொல்லேக்க வாற த. மின்சாரத்தில வாறது “தேவி” எண்டு சொல்லேக்க வாற த. ரெண்டிலயும் கடைசியில வாற கி “பாக்கி”யில வாற கி, “சங்கிலி”யில வாற கி இல்லை. நீங்கள் சங்கிலிச் சத்தத்தை மனசில வச்சுக்கொண்டு காத்திருக்கிறியள், றெக்கோடிங்கில பாக்கிச் சத்தம் வருது. எப்பிடிப் பிடிபடும்? பக்கத்தில இருந்து சிங்கள எழுத்தில எழுதுற பிள்ளையளுக்கு இந்தக் கரைச்சல் இல்லை, அவையிட்ட ரெண்டுக்கும் தனித்தனி எழுத்து இருக்கு.

ஜப்பான்காரற்ற சொந்த எழுத்து ஹிரகானா, அதில அடிப்படை எழுத்து 46தானே. மேல ரெண்டு சின்னக் கோடு போட்டா சத்தம் மாறும். என்5 எடுத்த ஆளுக்கு அது கைக்குள்ள இருக்கு, அதிலேயே எழுதுங்கோ. வெளிநாட்டுச் சொல் எழுதுற கடகானாவுக்கு உங்கட கடையில இருக்கிற பிரேக் பாட் பெட்டியளே காணும்.

ஆனா தமிழைத் தூக்கி எறியச் சொல்லேல்லை. குறில் நெடில், ஒற்று ரெண்டும் எங்களுக்குச் சின்னனிலேயே காதில ஏறினது. ஒபசான் எண்டா அன்ரி, ஒபாசான் எண்டா பாட்டி. கிதெ எண்டா “வந்து”, கித்தெ எண்டா முத்திரை. இங்கிலீஷ்காரர் இதில மாசக்கணக்கா முழிப்பினம், நாங்கள் “படம்”, “பட்டம்” எண்டு வளந்த ஆக்கள். (விளக்கத்துக்காக நான் தமிழில எழுதுறன். நீங்கள் எழுதக்கூடாது.)

இலக்கணத்துக்குத் தமிழை விடவே விடாதேங்கோ. சேர் “தெ” வடிவம் எண்டு ஒரு பெரிய அட்டவணை தந்திருப்பார். அது எங்கட வினையெச்சம், அவ்வளவுதான். தபெதெ மிரு: சாப்பிட்டுப் பார். தபெதெ ஷிமாவு: சாப்பிட்டு விடு. கயிதெ ஒகு: எழுதி வை. தபெதெ இரு: சாப்பிட்டுக்கொண்டு இரு. அந்த இருவும் இருதான், சிரிக்காதேங்கோ. நேற்று வாங்கின புத்தகம் எண்டு நாங்கள் சொல்லுற அதே ஒழுங்கிலதான் அவையும் சொல்லுவினம். “குடுக்கிற”துக்கு ரெண்டு சொல் எண்டு வகுப்பில எல்லாரும் தலையைச் சொறிவினம். குரெரு எண்டா என் பக்கம் வாறது, அகெரு எண்டா அங்கால போறது. “எனக்குத் தந்தான்”, “அவனுக்குக் குடுத்தன்” எண்டு எங்கட ஆச்சி பிரிச்சுச் சொல்லுவா. தொல்காப்பியத்திலேயே தா தன்மை முன்னிலைக்கு, கொடு படர்க்கைக்கு எண்டு விதி இருக்கு. “வா”, “கா” எண்ட உருபுகள் மட்டும் தமிழில அப்பிடியே பொருந்தாது, வாக்கியமாப் பாடமாக்குங்கோ.

ரீகண்டிஷன் வான் ஸ்டார்ட் பண்ணேக்க ஒரு பொம்பிளை கதைப்பாவே, “ஈடிசி காடோ கா சோன்யூ சரெதெ இமசென்” எண்டு? ஈடிசி எண்டது ஜப்பான் நெடுஞ்சாலைக் கட்டண அட்டை. இங்க ஒருத்தருக்கும் உதவாது, ஆனாலும் அவ ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டே இருப்பா. சொல்லுக்குச் சொல் வச்சுப் பாருங்கோ: ஈடிசி அட்டை செருகப்பட்டு இருக்கேல்லை. அப்பிடியே தமிழ்.

இனிக் கேக்கிறது. 138இல கேக்காதேங்கோ. பைலாவுக்கும் ஹோர்னுக்கும் நடுவில சின்ன த்-தும் நெடிலும் எங்க கேக்கும்? பஸ்ஸில வேணுமெண்டா சொல் பாருங்கோ. வீட்டில கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சின்ன உரையாடல் எடுங்கோ. ஜப்பான் பவுண்டேஷன்ட “இரோதோரி” இணையத்தில இலவசம், ஒலியும் சேத்து இறக்கலாம். எழுத்தைப் பாக்காமல் கேட்டு, கேட்டதை ஹிரகானாவில எழுதுங்கோ. பிறகுதான் புத்தகத்தைத் திறக்கிறது. எங்க கோடு விட்டியள், எங்க நெடிலைக் குறிலாக்கினியள் எண்டு அப்பிடியே தெரியும். கடைசியா றெக்கோடிங்கோட சேந்து அதே வேகத்தில வாய் விட்டுச் சொல்லுங்கோ. வீட்டுக்காரர் ஒரு மாதிரிப் பாப்பினம், பாக்கட்டும். ஒரு உரையாடலை நாலைஞ்சு நாள் வச்சு உருட்டுறது, நாளுக்கொண்டு எண்டு ஓடுறதை விட நல்லது. சோதினையில ஒருக்காத்தான் போடுவினம்.

அட்டை வச்சுப் பாடமாக்கிற அங்கி (Anki) ஆப் போனில இருந்தா, அட்டைக்கு முன்பக்கம் சத்தம் மட்டும் போடுங்கோ, பின்பக்கம் ஹிரகானாவும் கருத்தும். இப்ப உங்கட கொப்பி கண்ணைத்தான் சோதிக்குது.

தெமட்டகொடை_நானா:

தங்கச்சி சொன்ன எழுத்து விஷயம் சரி. ஆனா தம்பி, சிங்கள வகுப்பை விட்டுடாதீங்க. சிங்களத்திலயும் அதே மாதிரித்தான் ஈக்கி. சாப்பிட்டுப் பார் என்டதுக்கு “காலா பலன்ன”, எழுதி வை என்டதுக்கு “லியலா தியன்ன”. சேர் சொல்ற இலக்கணப் பேரை விட்டுட்டு உதாரணத்தை மட்டும் பிடிங்க, கடையில கதைக்கிற சிங்களமே போதும். நான் ஒசாகாவில வேலை செஞ்ச காலத்தில எங்கட ரூம்ல எல்லாரும் சிங்கள ஆக்கள், அவங்களோட கதைச்சுத்தான் பாதி விளங்கிச்சு.

கொட்டாஞ்சேனையான்:

அக்கா, கொப்பியத் திறந்து பார்த்தேன். ரெண்டுமே “தெங்கி”தான்! இன்னும் ரெண்டு கேள்வி. தமிழும் ஜப்பானும் ஒரே குடும்பம்னு ஒருத்தர் சொன்னார், உண்மையா? அப்புறம் என்4க்குப் பதிலா ஜேஎஃப்டிங்கிற மற்ற ஜப்பான் மொழிப் பரீட்சையை எழுதலாமா?

ஏலத்தாள்:

நானா சொல்லுறது சரி, வகுப்பை விடவேண்டாம்.

குடும்பக் கதை சுசுமு ஓனோ எண்ட ஜப்பான் பேராசிரியர் சொன்னது. யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவரோட சேந்து வேலை செய்தவை. மொழியியல் ஆக்களில பெரும்பாலானவை ஏற்கேல்லை. ஏற்றாலும் விட்டாலும் உங்களுக்கு மார்க்ஸ் கூடாது, சாப்பாட்டு மேசையில சண்டை பிடிக்க நல்ல விஷயம்.

ஜேஎஃப்டி எழுதலாம். கம்ப்யூட்டரில, 250க்கு 200 வேணும், முடிவு அண்டைக்கே திரையில வரும். என்4 எண்டா 180க்கு 90, ஆனா கேட்டலில மட்டும் 60க்கு 19 எடுக்காட்டி மொத்தம் எவ்வளவு எடுத்தாலும் பெயில். இப்ப உங்கட நிலையில அந்த 19தான் பயம். ஒண்டு கவனம்: கெயார் வேலைக்கு இந்த ரெண்டில ஒண்டு மட்டும் காணாது. பராமரிப்புத் திறன் சோதினை ஒண்டு, பராமரிப்பு ஜப்பானியச் சோதினை இன்னொண்டு, ரெண்டும் தனித்தனியா எழுதவேணும். வகுப்புக் காசில அதுக்கும் படிப்பிக்கினமோ எண்டு அடுத்த கிழமையே சேரிட்டக் கேளுங்கோ.