சொத்து வரிச் சலுகை முடிந்தால் குறைந்த வாடகை வீடுகள் என்னவாகும்?

கேள்வி: நான் இருக்கும் அடுக்ககத்தில் ஐந்தில் ஒரு வீடு குறைந்த வருமானக்காரர்களுக்கு, பதிலுக்கு உரிமையாளருக்குச் சொத்து வரி விலக்கு. 12 வருடக் கெடு அடுத்த வருடம் முடிகிறது. நேற்று எதிர்வீட்டு அம்மா புது வாடகைக் கடிதத்தை இரண்டாக மடித்துக் கையில் வைத்தபடியே லிஃப்ட் பக்கம் நின்றார். எனக்கு மனசே ஆறவில்லை. இதற்கு வழியே இல்லையா?

பதில் 1: அமெரிக்காவின் சியாட்டில் நகரிலும் இந்தச் சலுகை 12 வருடம்தான். விலக்கு கட்டடத்துக்கு மட்டும், நிலத்துக்கு வரி உண்டு. கெடு முடிந்ததும் வரி முழுதாக வரும், உரிமையாளர் வாடகையில் கை வைப்பார்.

பதில் 2: வழி இருக்கிறது. நியூயார்க்கில் 1971இல் வந்த 421-ஏ என்ற சொத்து வரிச் சலுகை 2022இல் காலாவதியானது. அதற்குப் பதிலாக 2024இல் வந்த 485-எக்ஸ் சலுகையில், வாடகைக் கட்டடத்தின் மலிவு வீடுகள் சலுகை முடிந்த பிறகும் நிரந்தரமாக மலிவாகவே இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் இதுதான் நியாயம். விட்டுக்கொடுத்த வரி ஊர்ப்பணம் இல்லையா? முதலில் உங்கள் ஒப்பந்தத்தில் நீட்டிப்பு விதி இருக்கிறதா பாருங்கள்.

கேட்டவர்: சரி, இன்றே அந்த அம்மாவோடு உட்கார்ந்து படிக்கிறேன்.